லீவர் யார் கையில்

அடி அண்ணாமலை,
12.10.2002

அன்பு மகன் வளவனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தென்றல் எழுதுவது. இங்கே நான், அப்பா, தென்றல், புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டி எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நீ நன்றாக இல்லை என்பது உன் கடிதத்தைத் தென்றல் படித்துக் காட்டும்போதே தெரிந்துவிட்டது, அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். (அண்ணா, இது தென்றல். அம்மா சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும் என்று உத்தரவு. அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் என் சொந்தச் சரக்கு. அம்மாவுக்கு அடைப்புக்குறி என்றால் என்னவென்று தெரியாது, அதனால் தைரியமாகப் படி.)

நீ எழுதியிருந்ததை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். சிங்கப்பூரில் நீங்கள் கட்டுகிற அந்த உயரக் கட்டடத்துக்கு ஜப்பானிலிருந்து ஒரு ரோபோ வந்திருக்கிறது, காங்கிரீட் போட்ட தரையில் அதுவாகவே நகர்ந்து நகர்ந்து மட்டமாகத் தேய்க்கிறது, நீயும் சாகிலும் முட்டிபோட்டு நாள் முழுக்கத் தேய்க்கிற இடத்தை அது மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறது. அதை இயக்குகிற பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க உன்னைத்தான் சூப்பர்வைசர் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்ட நாளிலிருந்து அறையில் இருக்கிற பையன்கள் உன்னோடு பேசுவதில்லை, ஒருத்தன் அதன் சக்கரத்தில் மணலைப் போட்டுவிடலாம் என்கிறான், இன்னொருத்தன் ஊருக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டான். எல்லாவற்றையும்விட, உன்னோடு ஒரே விமானத்தில் போன, உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட நம் சாகில், சோற்றுப் பானையைத் தனியாகப் பிரித்துக்கொண்டு, "நீ போய் மிஷினோட உக்காந்து சாப்டு"ன்னு சொல்லிவிட்டான். மாதக் கடைசிக்குள் சூப்பர்வைசரிடம் சரியா இல்லையா என்று நீ சொல்ல வேண்டும். சரி என்றால் சாகிலை இழக்கணும், இல்லை என்றால் வேலையை இழக்கணும், பேசாமல் ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அப்பா இதைக் கேட்டவுடனே, "வந்துடச் சொல்லு, மல்லாட்டப் பயிரு போட்டுப் பொழச்சிக்கலாம்"னு சொல்லிவிட்டார். நான், கொஞ்சம் பொறுங்க, நான் பதில் போட்ட பிறகு அவன் முடிவு பண்ணட்டும் என்றேன். (ரோபோ என்ற பெயரிலேயே 'போ' இருக்கிறதே அண்ணா, 'வா' இருக்கிறதா? அது வந்தால் நீங்கள் போவீர்கள் என்று பெயர் வைத்தவனே சொல்லிவிட்டான். இதை அம்மாவிடம் சொன்னேன். சிரிக்காமல், எழுதுறதை எழுது என்றாள்.)

உனக்கு வந்த அதே ரோபோ எனக்கும் வந்தது வளவா. ரோபோ என்று பெயர் இல்லை, கலவை மிஷின் என்று பெயர், அவ்வளவுதான். போன ஆடியில் நம் ஆதிமூலம் மேஸ்திரி வேலூர்ப் பக்கமிருந்து அதைக் கொண்டுவந்தார். வயிறு பெருத்த உருளை ஒன்று சுற்றிச் சுற்றிச் சிமெண்டையும் ஜல்லியையும் கலக்கும், பக்கத்திலேயே லிப்ட் ஒன்று கம்பம்போல நிற்கும், அதில் ஒரு தொட்டி கலவையை எடுத்துக்கொண்டு மேல் தளத்துக்குப் போய்க் கொட்டிவிட்டு வரும். இதையெல்லாம் ஒரே ஆள் ஒரு லீவரைப் பிடித்து நடத்துவான். இத்தனை காலம் தளம் போடுகிற நாளில் கீழிருந்து மேல்வரைக்கும் சாரத்தில் படிபடியாக நின்று கைக்குக் கை சட்டி மாற்றிய எங்கள் செட்டுக்கு அன்றைக்கே வேலை முடிந்தது. வேங்கிக்காலில் ஜஹானாரா அம்மா கட்டுகிற வீட்டில் மிஷின் இறங்கிய அன்று எங்கள் ஜோதியம்மாள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத்தினி பேரு வயித்துல அடிச்சிட்டு இதுக்கு மட்டும் எவ்ளோ பெரிய வயிறு பாரு"ன்னு சொல்லி மண்ணை வாரித் தூற்றினாள். அப்பாவுக்கு மட்டும் கவலை இல்லை, அவர் கம்பி கட்டுகிறவர், கம்பி கட்ட இன்னும் மிஷின் வரவில்லை, அதனால் காலம் மாறுதில்ல கன்னிம்மா என்று எனக்கு நியாயம் சொன்னார். (டீசல் டேங்க்கில் சர்க்கரை போட்டால் மிஷின் படுத்துவிடும் என்று என்னோடு படிக்கிற பாலாஜி சொன்னான். ரேஷன் சர்க்கரைதானே, போனால் போகட்டும் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மா பிடித்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாத டீ.)

ஒன்று உனக்குச் சொல்கிறேன், நான் ஜோதியம்மாளிடம்கூட அப்போது சொல்லவில்லை. அந்தத் தொட்டி கலவையோடு மேலே போவதை முதல் தடவை பார்த்தபோது என் கழுத்து லேசானதுபோல இருந்தது. உச்சந்தலையில் சும்மாடு வைத்து வைத்து எனக்கு முடி போன இடம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்து அம்மாவுக்கு இங்கே ஏன் வழுவழு என்று கேட்பாய். பாரம் போகிறது என்று யாராவது அழுவார்களா, கூலி போகிறதே என்றுதான் அழுகை. மிஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் மிஷின் வந்ததும் எங்களை வீட்டுக்குப் போ என்றார்களே, அந்தக் கோபம் இருந்தது. முதல் வாரம் ஜல்லி அள்ளிப் போட என்னை மட்டும் வைத்திருந்தார்கள். நான் அள்ளிப் போட்டுக்கொண்டே அந்த லீவர்காரப் பையன் அர்ஜுனனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூர்ப் பையன், நல்லவன். பிறகு அந்த வேலைக்கும் ஆம்பளை ஒருத்தனைப் போட்டு என்னையும் நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் சும்மா இருப்போமா. ஆவணிப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்தை நம்பி, நம் ஊர்ப் பாதையோரத்தில் செட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மோரும் புளிச்சோறும் போட்டோம். தென்றல் படிப்பை விட்டுவிட்டு அங்கே வந்து கூத்தடித்தாள். (சாட் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, பக்தர்கள் கவனத்திற்கு, அனைவரும் இடதுபுறமாகச் செல்லவும் என்று மைக் குரலில் சொன்னேன். இடதுபுறம் எங்கள் கடை. காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் இடதுபுறம் வந்து மோர் குடித்துவிட்டு, யாரும்மா அறிவிப்பு குடுக்கிறது, குரல் நல்லா இருக்கே என்று கேட்டார்.)

இனிமேல்தான் கதை. பௌர்ணமிக்கு வண்டி எதையும் ஊருக்குள் விடமாட்டார்கள் என்று ஆதிமூலம் ஜஹானாரா அம்மா வீட்டுத் தளத்தை மறுநாளைக்கு வைத்திருந்தார். நன்றாகத்தான் யோசித்தார். மணல் முந்தின நாளுக்கு முந்தியே வந்துவிட்டது, ஜல்லி வந்துவிட்டது, டீசல் இருக்கிறது, மிஷினுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். மிஷினுக்கு வேண்டுதல் கிடையாது, மிஷின்காரனுக்கு உண்டு. அர்ஜுனன் கல்யாணம் ஆகவேண்டும் என்று மாதா மாதம் வெறுங்காலோடு மலை சுற்றுகிறவன். அன்றைக்கும் சுற்றிவிட்டு, ஒவ்வொரு லிங்கத்திடமும் நின்று நின்று முறையிட்டுவிட்டு, தூங்காமல் அப்படியே வேலைக்கு வந்து லீவரைப் பிடித்திருக்கிறான். பாதித் தளம் போட்டாகிவிட்டது. தொட்டி மேலே போகும்போது பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளை நின்றுகொண்டே கண்ணயர்ந்துவிட்டான். தொட்டி உச்சியில் போய் இடித்து, கம்பிக்கயிறு லிப்ட் கப்பியை விட்டுக் கழன்று பிரிந்து, லிப்ட் அந்தரத்தில் சிக்கிக்கொண்டது. அண்ணாமலையார் புண்ணியத்தில் யாருக்கும் அடி இல்லை. மெக்கானிக் வேலூரிலிருந்து வரவேண்டும், ஊரைவிட்டு வெளியே போகிற பஸ்ஸும் வேனும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவன் எங்கே வந்து சேர்வது. தளத்தைப் பாதியில் நிறுத்தினால் பழசும் புதுசும் ஒட்டாமல் அந்த இடத்தில் காலத்துக்கும் ஒழுகும், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேற்கே வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்ததாம்.

நாங்கள் புளிச்சோற்று அண்டாவைக் கழுவிக்கொண்டிருக்கிறோம், ஆதிமூலம் டிவிஎஸ் வண்டியில் வயல் வழியாகப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினார். "கன்னிம்மா, எல்லாரையும் கூட்டிக்கினு சீக்கிரம் வா, கூலி ஜாஸ்தியே தர்றேன்"னு சொன்னார். ஜோதியம்மாள் அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தாமல், "ஏன் மேஸ்திரி, உங்க மிஷினு மல சுத்தப் போயிடுச்சா"ன்னு கேட்டாள். அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். நான் இவர்களைத் தனியாகக் கூட்டிப்போய் என்ன கேட்கலாம் என்றேன். போகவே கூடாது, ஒழுகட்டும் என்றாள் ஒருத்தி. ஜஹானாரா அம்மா நமக்கு என்ன கெடுதல் செய்தார், அவர் வீடு ஏன் ஒழுகணும் என்றேன். மிஷினைத் திருப்பி அனுப்பினால்தான் வருவோம்னு சொல்லு என்றாள் ஜோதியம்மாள். எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. இன்றைக்கு அனுப்புவார், அடுத்த மாதம் வேறு மேஸ்திரி வேறு மிஷின் கொண்டுவருவார், அப்போது யார் அண்டா கழுவிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பது. "மிஷினு இருக்கட்டும்டி, லீவரு நம்ம கையில இருக்கட்டும்"னு சொன்னேன். ஜோதியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குப் பைத்தியமாடி, நாம எங்க லீவர் புடிக்கறது" என்றாள். நீதானே உன் மருமகள் கிரைண்டரைத் தொடக்கூடாது, நான்தான் போடுவேன்னு சண்டை போடுறவ, இது கொஞ்சம் பெரிய கிரைண்டர் என்றேன். அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள், அத்தோடு முடிவாகிவிட்டது.

ஆதிமூலத்திடம் போய், வர்றோம் மேஸ்திரி, ஆனா இதுக்கப்புறம் மிஷின் ஓட்ட எங்களுக்குக் கத்துக்குடுக்கணும், மாத்தி மாத்தி நாங்கதான் புடிப்போம், செட்டுல ஒருத்தியையும் நிறுத்தக் கூடாது என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மேற்கே பார்த்தார், சரி சரி கெளம்புங்க என்றார். அந்தச் சரி சரியை நான் நம்பவில்லை. வயல் வழியாக டிராக்டரில் வேங்கிக்கால் போய்ச் சேர்ந்ததும் சட்டியைக் கையில் எடுக்காமல் ஜஹானாரா அம்மாவைக் கூப்பிட்டு, அவர் முன்னால் இன்னொரு தரம் சொல்லுங்க மேஸ்திரி என்றேன். அந்த அம்மா புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு பாதித் தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஆதிமூலம் முனகினார். "சத்தமா சொல்லுங்க, எனக்குக் காது கம்மி"ன்னு அந்த அம்மா சொன்னார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். மேஸ்திரி சத்தமாகச் சொன்ன பிறகுதான் முதல் சட்டி ஏறியது.

அன்றைக்கு நாங்கள் செய்த வேலையை நீ பார்த்திருக்கவேண்டும். லிப்ட்தான் போயிற்று, கலக்குகிற உருளை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கீழே அது கலந்து கொடுக்க, சாரத்தில் படிபடியாக நின்று நாங்கள் கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றினோம். கையால் கலக்கும்போது ஒரு சட்டி தண்ணியாக வரும், ஒரு சட்டி கட்டியாக வரும், அன்று எல்லாம் ஒரே பதம். காலி சட்டி கீழே பறக்கிறது, நிறை சட்டி மேலே போகிறது, மிஷின் முந்துகிறதா நாங்கள் முந்துகிறோமா என்று போட்டியே வந்துவிட்டது. ஜோதியம்மாள் உருளையைப் பார்த்து, "சீக்கிரம் துப்புடி, கை சும்மா கெடக்குது"ன்னு மிரட்டினாள். யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை, மிச்சம் இருந்த புளிச்சோற்றை உருண்டை பிடித்து வாயில் போட்டுக்கொண்டே நின்றோம். கடைசிச் சட்டி கொட்டி, மட்டக்கோல் இழுத்து, தார்ப்பாய் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்த பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. அர்ஜுனன் ஒரு ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். எழுந்திருடா, அடுத்த வாரத்திலேர்ந்து எங்களுக்கு நீதான் வாத்தியார், தூங்கின வாத்தியார நாங்க நிறையப் பாத்திருக்கோம் என்றேன். (இந்த வசனம் நான் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது இல்லை. சத்தியமாக அம்மாவே சொன்னது. எனக்கே பொறாமை.)

ஆதிமூலம் பிறகு நழுவப் பார்த்தார். அடுத்த சைட்டில் பார்க்கலாம், தீபம் முடியட்டும் என்றெல்லாம் சொன்னார். ஜஹானாரா அம்மா விடவில்லை, "என் மாடித் தளத்துக்குக் கன்னிம்மாதான் லீவர் புடிக்கணும், இல்லாட்டி எனக்கு வேற மேஸ்திரி இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். பிறகென்ன, ஒரு மாதத்துக்கு மேல் அர்ஜுனன் எங்களுக்குக் காலித் தொட்டியை ஏற்றி இறக்கிக் காட்டினான். முந்தாநாள் வியாழக்கிழமை மாடித் தளம். ஊரே வேடிக்கை பார்க்க நான் லீவரைப் பிடித்தேன். முதல் தொட்டி குலுங்கிப் போய், கொஞ்சம் கலவை சிந்தி, கீழே வெள்ளை வேட்டியில் நின்றிருந்த ஆதிமூலத்தின் மேல் விழுந்தது. (அம்மா தெரியாமல் சிந்தியது என்கிறாள். நான் மேஸ்திரி நின்ற இடத்தையும் பார்த்தேன், அம்மா கண் போன இடத்தையும் பார்த்தேன். மேற்கொண்டு எதுவும் சொல்ல மாட்டேன்.) அதற்குப் பிறகு ஒரு துளி சிந்தவில்லை. பாதியில் ஜோதியம்மாள் வந்து, நகருடி, என் முறை என்றாள். அன்று மண் வாரித் தூற்றியவள், மாலையில் வேலை முடிந்ததும் தன் புடவைத் தலைப்பாலேயே லீவரைத் துடைத்துவிட்டு வந்தாள். செட்டில் ஒருத்தி குறையவில்லை. வேலை சீக்கிரம் முடிவதால் நடுவில் சில நாள் சும்மா இருக்கவும் நேர்கிறது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மேஸ்திரி இப்போது முன்னைவிட அதிகத் தளங்கள் ஒப்புக்கொள்கிறார், எங்களைக் கேட்டுத்தான் நாள் குறிக்கிறார், பௌர்ணமியா என்று முதலில் பார்க்கிறார்.

இப்போது உன் விஷயம். மணலைச் சக்கரத்தில் போட உடன்படாதே, போடுகிறவனைக் காட்டியும் கொடுக்காதே. சூப்பர்வைசரிடம் சரி என்றே சொல். ஆனால் தனியாக நின்று சரி சொல்லாதே, நம் ஆட்கள் மேல் உனக்குக் கோபம் வந்ததற்கும் அவர்களுக்கு உன்மேல் வந்ததற்கும் காரணம் அந்த ரோபோ இல்லை, உன்னை மட்டும் கூப்பிட்டதுதான். தூண் ஓரமும் மூலையும் அதற்கு எட்டவில்லை, அங்கே கையால் தேய்க்க வேண்டியிருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், நாள் முழுக்க ஒருத்தனே பெட்டியைப் பிடித்து நிற்கவும் முடியாது, கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று அர்ஜுனனைக் கேள். அதனால் மாற்றிப் பிடிக்க ஆள் வேண்டும், சாகிலுக்கும் கற்றுக்கொடுங்கள், ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவன், எட்டாத இடத்துக்கு மற்ற பையன்கள் என்று கேள். கொடுக்க மாட்டேன் என்றால் எங்களைப்போல எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். அவர்களுக்கும் ஒரு நாள் பாதித் தளத்தில் கயிறு கழலும், அன்றைக்கு என்ன கேட்பது என்று இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சாகிலின் அம்மா உம்மே ஹானி நேற்று வந்திருந்தாள். நீங்கள் பேசிக்கொள்வதில்லை என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. அடுத்த மாதம் நோன்பு ஆரம்பிக்கிறது, போன வருஷம் மாதிரியே விடியற்காலைச் சாப்பாட்டுக்கு வளவனையே எழுப்பிவிடச் சொல்லுங்கக்கா, இவன் தூங்கினா செத்த பொணம் என்றாள். சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் நீ அவனை எழுப்பித்தான் ஆகவேண்டும், எழுப்ப வேண்டுமானால் பேசித்தான் ஆகவேண்டும். இந்தக் கடிதத்தை இதுவரை நீ தனியாகப் படித்திருந்தால், இப்போதே எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சத்தமாகப் படி. ஆதிமூலத்தின் வேட்டி வருகிற இடத்தில் அவன் சிரித்துவிடுவான், எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை ஆயுத பூஜை. எங்கள் மிஷினுக்குப் பூ வாங்கியாகிவிட்டது. இதோடு திருநீறும் குங்குமமும் மடித்து வைத்திருக்கிறேன், உனக்குப் பூசியது போக மிச்சத்தை அந்த ரோபோவுக்கு ஒரு பொட்டு வை, கேட்டுவிட்டு வை. (அதற்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடி. எங்கள் மிஷினுக்குச் சாக்பீஸால் 'அண்ணி' என்று பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா சொன்னபடி கேட்கிற மருமகள் இந்த வீட்டுக்கு இனி கிடைக்க மாட்டாள். உன்னுடையதையும் இனி ரோபோ என்று கூப்பிடாதே, 'ரோவா' என்று கூப்பிடு.) தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதே, வெள்ளிக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வை. அண்ணாமலையார் உன்னையும் சாகிலையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளட்டும், இரண்டு பேரும் நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் இருங்கள். நீங்கள் சேர்ந்து சாப்பிட்டதும் எனக்குப் பதில் போடு.

இப்படிக்கு
உன் அம்மா,
க ன் னி ய ம் மா ள்,
லி ப் ட் ஆ ப ரே ட் ட ர்

(அண்ணா, மேலே இருக்கும் கையெழுத்து நான் போட்டதில்லை. பேரை எழுத அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். கீழே இருக்கும் சொல்லை எழுதிப் பழகத்தான் வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததிலிருந்து என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களையெல்லாம் தீர்த்துவிட்டாள். இப்போது எழுதி முடித்துவிட்டு, சரியா இருக்கா பாரு என்கிறாள். சரியாக இருக்கிறது.)